மேலூர்ப் பக்கம் மலை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், ஒரு ஜிகர்தண்டா என்று முடித்துக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். கூடுதலாக ஒரு நாள் கையில் இருப்பவர்கள் இப்போதெல்லாம் மேலூர் சாலையில் உள்ள மலைகளைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். கீழே உள்ள தவறுகளில் பாதி நானே செய்தவை.

புத்தகத்தில் இருக்கும் பெயரை வைத்து வழி கேட்பதுதான் முதல் தவறு. 'மாங்குளம் கல்வெட்டு' என்று எல்லாரும் எழுதுவதை நம்பி மாங்குளம் ஊருக்குள் போய் நின்றேன். மலை இருப்பதோ மீனாட்சிபுரத்தை ஒட்டி. 'தமிழிக் கல்வெட்டு எங்கே?' என்று கேட்டால் ஆடு மேய்ப்பவர் முழிப்பார் (தமிழி என்பது தமிழ் பிராமி என்ற பழைய எழுத்து). குகைக்குள் வெட்டிய கல்படுக்கைகளுக்கு ஊர் வைத்த பெயர் பஞ்சபாண்டவர் படுக்கை; அதைச் சொன்னால் கை நீட்டிக் காட்டுவார். படுத்தவர்கள் பாண்டவர்கள் இல்லை, சமணத் துறவிகள். அதற்காக அவருக்கு அங்கேயே வகுப்பெடுக்க வேண்டாம்.

அடுத்தது, உச்சி வெயிலில் ஏறுவது. பாறை சுடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், எழுத்தே தெரியாது. சித்திரை மாத மதியத்தில் ஏறிப்போய் வெறும் கோடுகளைப் பார்த்துவிட்டு இறங்கியவன் நான். காலை ஏழு மணிச் சாய்வெயிலில்தான் வெட்டின பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நின்றது. குகை முகப்பில் மழைநீர் உள்ளே வழியாதபடி புருவம் மாதிரி ஒரு காடி வெட்டியிருப்பார்கள். எழுத்தை அதை ஒட்டித் தேடுங்கள். 1882இல் ராபர்ட் சீவல் கண்டறிந்த மாங்குளம் கல்வெட்டுகள் இவை. கணிநந்தன் என்ற சமணத் துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் அதிகாரி கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், வெட்டிக் கொடுத்த செய்தி இதில் இருக்கிறது. சங்கப் பாட்டில் வரும் பெயர் பாறையில் கிடக்கிறது! படம் தெளிவாக விழட்டும் என்று அதில் சாக்பீஸ் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

யானைமலையை ஒத்தக்கடையிலிருந்தே செல்பி எடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மலையடியில் உள்ள நரசிங்கம் வரை போகிறவர்களும் நரசிங்கப் பெருமாள் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாறையைக் குடைந்து செய்த அந்தக் குடைவரைக் கோயிலைத் தொடங்கியவர் பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி. பணி முடியுமுன் அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் பதவிக்கு வந்து முகமண்டபத்தைக் கட்டி முடித்தார். 770ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு கோயிலிலேயே இருக்கிறது. பிரதோஷத்தன்று போனால் கூட்டத்தில் கல்வெட்டாவது ஒன்றாவது. வேறு நாள் பாருங்கள்.

அரிட்டாபட்டிக்குக் கொஞ்சம் பொறுமையாகவே வர வேண்டும். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். இங்கே நடக்கும் தவறெல்லாம் ஒன்றுதான்: யாரும் இல்லாத இடம் என்று நினைத்துக்கொள்வது. சுனையில் கால் கழுவுகிறார்கள். சாமி இருக்கும் பாறையில் செருப்போடு ஏறுகிறார்கள். ட்ரோன் விடுகிறார்கள். இந்தப் பாறைகளில் லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் இருக்கின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக இது அறிவிக்கப்பட்டதற்கு அவையும் ஒரு காரணம். குடைவரைச் சிவன் கோயிலில் லிங்கத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் இலகுலீசர் (சிவனின் அவதாரமாகக் கருதப்படுபவர்) சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அவர் அபூர்வம்.

மலையின் இன்னொரு பக்கம் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் சிற்பம். மேலே பழைய வண்ணப்பூச்சின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொடாதீர்கள். கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி, 'பாதிரிக்குடியார் ரட்சை' என்று வெட்டியிருக்கிறார்கள். பாதிரிக்குடி ஊரார் காவல் என்று பொருள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மலையை ஊரார் பொறுப்பில் எழுதி வைத்துவிட்டார்கள். அரிட்டாபட்டிப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது 2025 ஜனவரியில் மேலூர்ச் சனம் மதுரைக்குத் திரண்டு வந்ததையும், அதே மாதம் ஏலம் ரத்தானதையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஏறுவதற்கு முன் ஊருக்குள் ஒரு டீ குடித்துவிட்டு, 'மலைக்குப் போறோம்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெரும்பாலும் யாராவது கூடவே வந்து காட்டுவார்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்ப்பது. காலையில் ஒரு மலை, சாயங்காலம் திருவாதவூர், அவ்வளவு போதும். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் அது. திருமறைநாதர் கோயில் மதியம் சாத்தியிருக்கும். நாலு மணிக்கு மேல் போனால் நடை திறந்திருக்கும், வெயிலும் தாழ்ந்திருக்கும்.