வினாவைக் கொண்டுவாருங்கள்: பல்கலைக்கழகத்தில் ஏஐ கற்பித்தல் குழு ஒன்றைக் கட்டுவது எப்படி

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. அன்று முதல் பல்கலைக்கழகங்களில் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) பற்றிய கருத்தரங்குகள் ஏராளமாக நடந்துவிட்டன. ஆனால் கருத்தரங்கு முடிந்து வகுப்புக்குத் திரும்பும் ஆசிரியரிடம் இருப்பது போன வருட அசைன்மென்ட்தான். அதை என்ன செய்வது என்பதே அவருடைய கேள்வி. தொடர்ந்து கூடும் குழு ஒன்று அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் உருவாகும். ஏஐ கருவிகளை அறிமுகம் செய்வதற்காகக் கூட்டிய குழுவில் மூன்றாவது கூட்டத்துக்குள் ஆள் குறைந்துவிடும். கருவிகள் மாதத்துக்கு ஒருமுறை மாறுகின்றன, அவற்றைப் பற்றி யார் வேண்டுமானாலும் தனியாகப் படித்துக்கொள்ளலாம். தன் வினாவை இன்னொருவர் கண்ணால் பார்ப்பது மட்டும் தனியாகச் செய்ய முடியாத வேலை.

முதல் பத்துப் பேர்

செமஸ்டர் தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பே ஆள் சேர்க்க ஆரம்பியுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். குறைந்தது நான்கு துறைகளிலிருந்து ஆசிரியர்கள், ஒரு நூலகர், தேர்வுப் பிரிவிலிருந்து ஒருவர், வெவ்வேறு ஆண்டுகளில் படிக்கும் மாணவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர் வேண்டும். பொது மின்னஞ்சல் அனுப்பி அழைத்தால் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். ஒவ்வொருவரையும் நேரில் போய்க் கேளுங்கள்.

ஏஐ வகுப்புக்குள் வரவே கூடாது என்று நினைக்கும் ஒருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இரண்டு பேரை. அவர்களுடைய தயக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் பல ஆண்டு கற்பித்தல் அனுபவம் இருக்கும். மாணவர் எந்த இடத்தில் சிந்திக்கக் கற்றுக்கொள்கிறார், அந்த இடத்தில் குறுக்குவழி வந்தால் எதை இழக்கிறார் என்று துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

மாணவர்களை அழைக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. குழுவில் அவர்கள் பேசும் எதுவும் ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயன்படாது என்று துறைத்தலைவரிடமும் தேர்வுப் பிரிவிடமும் எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஏஐயை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று எந்த மாணவரும் உண்மை சொல்லமாட்டார், அந்த உண்மை இல்லாமல் குழுவுக்கு வேலையே இல்லை. அவர்களுடைய நேரத்துக்கு மதிப்பூதியமோ கிரெடிட்டோ கொடுங்கள்.

கூட்டத்தின் மையம்: ஓர் அசைன்மென்ட்டைச் சோதிப்பது

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 75 நிமிடம் கூடுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரே ஓர் அசைன்மென்ட். அதைக் கொண்டுவரும் ஆசிரியரும் ஒருங்கிணைப்பாளரும் முன்கூட்டியே அதை மூன்று விதமாக ஏஐயிடம் கொடுத்துப் பதில்களை வாங்கி வைத்திருக்க வேண்டும்:

1. வினாவை மட்டும் அப்படியே ஒட்டுவது.
2. வினாவோடு மதிப்பெண் அளவுகோலையும் பாடக்குறிப்புகளையும் சேர்த்துக் கொடுப்பது.
3. இரண்டாவது முறையில் வந்த பதிலைத் திருப்பிக் கொடுத்து, அளவுகோலின்படி குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்வது. இதை இரண்டு சுற்று செய்வது.

ஒவ்வொன்றுக்கும் புதிய உரையாடலைத் திறந்து, கருவியின் நினைவு வசதியை அணைத்துவிடுங்கள். ஆசிரியர் முன்பு கேட்டவற்றை வைத்துக்கொண்டு அது பதில் சொன்னால் மாணவருக்குக் கிடைக்கும் பதில் அதுவாக இருக்காது. ஏஐ மாடலின் பெயர், தேதி, இலவசக் கணக்கா கட்டணக் கணக்கா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பு ஆங்கிலமல்லாத மொழியில் நடந்தால் சோதனையும் அந்த மொழியிலேயே நடக்கட்டும், ஏனென்றால் ஒரே மாடலின் தரம் மொழிக்கு மொழி வேறுபடும்.

அடிக்கடி நேரும் தவறு முதல் முறையோடு நிறுத்திவிடுவது. சுமாரான பதில் ஒன்று வரும், ‘என் வினாவுக்கு இதனால் பதில் எழுத முடியாது’ என்று ஆசிரியர் நிம்மதி அடைவார். கருவியை நன்கு பழகிய மாணவர் செய்வது மூன்றாவது முறை. இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் பார்க்கும்போதுதான் பேச்சு உண்மையாகவே தொடங்கும்.

இந்த மூன்று பதில்களோடு பழைய மாணவர்களின் மூன்று பதில்களையும் அவர்கள் அனுமதி பெற்றுச் சேருங்கள். 2022க்கு முந்தையவையாக இருந்தால் நல்லது. பெயர், பதிவெண் எல்லாவற்றையும் நீக்கி, ஆறையும் ஒரே எழுத்துருவில் தட்டச்சு செய்து, வரிசையைக் கலைத்துக் கொடுங்கள். கூட்டத்தில் முதல் 10 நிமிடம், இந்த அசைன்மென்ட் மூலம் மாணவர் என்ன கற்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்வார். அடுத்த 25 நிமிடம் எல்லோரும் பேசாமல் மதிப்பெண் போடுவார்கள். எது யார் எழுதியது என்று வெளிப்படுத்திய பின் 20 நிமிட விவாதம், 15 நிமிடம் மாற்றி எழுதும் வேலை, கடைசி 5 நிமிடம் பதிவு.

வெளிவருவது துறைக்குத் துறை மாறும். ஒரு கருத்தைச் சுருக்கி விளக்கச் சொல்லும் கட்டுரைகளில் ஏஐ எளிதாக நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். மேற்கோள் பட்டியல் கேட்டால் இல்லாத நூலையோ, இருக்கும் நூலின் தவறான பக்கத்தையோ தரக்கூடும். இதை அங்கேயே தேடிக் காட்டத்தான் நூலகர். கணித நிரூபணங்களில் நடை சரளமாகப் போய்க்கொண்டே இருக்கும், நடுவில் ஒரு படி மட்டும் பிழையாக இருக்கும். அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதையே மாணவருக்கு வேலையாகக் கொடுக்கலாம்.

மாற்றி எழுதும்போது

லேப் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். அறிமுகம், செய்முறை, விவாதம் மூன்றையும் சோதனைச் சாலைப் பக்கமே போகாமல் எழுதிவிட முடியும். அப்படியானால் மதிப்பெண்ணை அங்கிருந்து நகர்த்துங்கள். அளவீடுகளை லேப்பிலேயே கையால் எழுதி அன்றே கையெழுத்து வாங்க வேண்டும். மற்றவற்றோடு ஒட்டாமல் விலகி நிற்கும் தன் அளவீடு ஒன்றை எடுத்து அது ஏன் அப்படி வந்தது என்று மாணவர் விளக்க வேண்டும். பிறகு ஐந்து நிமிட வைவா (வாய்மொழித் தேர்வு). 60 பேர் இருக்கும் வகுப்பில் அதற்கே ஐந்து மணி நேரம் ஆகும், எந்த ஆசிரியராலும் ஒவ்வொரு வாரமும் முடியாது. குலுக்கலில் 15 பேரை மட்டும் அழையுங்கள், 75 நிமிடத்தில் முடிந்துவிடும். யாருடைய பெயரும் வரலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்தால் போதும்.

வினாவை அப்படியே ஏஐயிடம் ஒட்டுபவர் பிடிபடும்படி, வினாவுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் ஒரு வரியைப் பொறியாக வைக்கும் யோசனை ஏதாவது ஒரு கூட்டத்தில் வரும். வேண்டாம். திரை வாசிப்பான் பயன்படுத்தும் பார்வைக் குறையுள்ள மாணவருக்கு அந்த மறைந்த வரியும் சேர்ந்தே ஒலிக்கும். அவரைச் சிக்கவைத்துவிட்டு மற்றவர்களிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியாது.

ஒவ்வோர் அசைன்மென்ட்டின் தலையிலும் ஏஐக்கு எங்கே அனுமதி என்று வினைச்சொற்களால் எழுதுங்கள். ‘பொறுப்புடன் பயன்படுத்துக’ என்ற வரியால் யாருக்கும் எதுவும் தெரியாது. ‘தலைப்பு தேடலாம், இலக்கணம் திருத்தலாம், வாதத்தை எழுதி வாங்கக் கூடாது, பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று கடைசியில் மூன்று வரி எழுத வேண்டும்’ என்று இருந்தால் வாசித்த உடனே புரியும்.

கண்டுபிடிப்பான்கள் பற்றிய பேச்சு

இரண்டாம், மூன்றாம் கூட்டத்தில், ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை வாங்கலாமே என்று ஒருவர் கேட்பார். முழுக் கூட்டத்தையும் அதற்கே ஒதுக்கலாம், அவ்வளவு முக்கியமான விஷயம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் குறைவு என்று ஜூலையில் திரும்பப் பெற்றது. அந்த நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படியே அது ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை ஏஐ என்று சொன்னது. அதே ஆண்டு ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் ஏழு கண்டுபிடிப்பான்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை அவை ஏஐ எழுதியதாகத் தவறாகக் குறித்தன.

ஒரு கணக்கையும் பலகையில் போட்டுக் காட்டுங்கள். நூற்றுக்கு ஒருமுறை மட்டுமே தவறு செய்யும் நல்ல கருவி என்றே வைத்துக்கொள்வோம். 500 மாணவர்கள் ஆளுக்கு ஆறு கட்டுரைகளை நேர்மையாக எழுதினால் மொத்தம் 3000. அதில் 30 கட்டுரைகளின் மீது பொய்க் குற்றச்சாட்டு விழும். தான்தான் எழுதினேன் என்று அந்த மாணவர்கள் எதை வைத்து நிரூபிப்பார்கள்? குழு மாணவர்களைக் கண்காணிக்கும் அமைப்பாக மாறினால், மேலே சொன்ன எழுத்துவழி உறுதிமொழிக்கும் அர்த்தம் இல்லாமல் போகும்.

ஏஐயை வைத்து மதிப்பெண் போடும் யோசனைக்கும் இதே கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு ஏஐ சட்டம், கற்றலின் விளைவுகளை மதிப்பிடும் அமைப்புகளை அதிக அபாயம் உள்ளவை என்று வகைப்படுத்துகிறது. உண்மையான மாணவரின் விடைத்தாளை யாரும் தன் சொந்தக் கணக்கில் ஏற்றக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே விதியாக்குங்கள். இலவசக் கணக்குகளில் உள்ளிடுபவை மாடல் பயிற்சிக்குப் போகக்கூடும்.

பதிவும் தொடர்ச்சியும்

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கப் பதிவு: பழைய வினா, ஏஐ வாங்கிய மதிப்பெண், மாற்றிய வினா, மாற்றியதற்கான காரணம். பிறகு வகுப்பில் நடத்திப் பார்த்த ஆசிரியர் இரண்டு வரி சேர்ப்பார். சரியாக வராத மாற்றங்களும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும், மற்ற துறைகள் தேடி வந்து படிப்பது பெரும்பாலும் அவற்றைத்தான். மாடல்கள் மாறுவதால் பழைய சோதனை முடிவை நம்பி இருக்காதீர்கள், ஒவ்வொரு செமஸ்டரும் மறுபடி நடத்துங்கள்.

வருகைப் பதிவேட்டை வைத்து குழுவை அளக்க வேண்டாம். எத்தனை அசைன்மென்ட்கள் மாறின, சோதனைக்குக் கொடுத்தவர் மறுபடி இன்னொன்றைக் கொண்டுவந்தாரா என்று பாருங்கள். யாருமே வினா கொண்டுவராத கூட்டம் வந்தால், மென்பொருள் விற்பனையாளரை அழைத்து நேரத்தை நிரப்பாதீர்கள். அந்தக் கூட்டத்தை ரத்து செய்துவிடுங்கள். வினா வராததற்குக் காரணம் பெரும்பாலும் கூச்சம். மூத்த பேராசிரியர் ஒருவர் தன் பலவீனமான வினாவை முதலில் வைத்தால் அது விலகும்.

ஒருங்கிணைப்பாளருக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அதைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்க நிர்வாகத்திடம் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் தேர்வுக் காலத்தில் குழு நின்றுவிடும். வருடத்துக்கு ஒருமுறை பொறுப்பு கைமாறட்டும். பழையவரும் புதியவரும் சேர்ந்து இரண்டு கூட்டங்களை நடத்திய பிறகு, பதிவுக் கோப்புறையின் உரிமையைத் தனிநபர் கணக்கிலிருந்து பல்கலைக்கழகக் கணக்குக்கு மாற்றிக்கொடுங்கள்.