கோழிக்கறி: நாலு தண்ணி அலசினாலும் போகாத கிருமி

கோழிக்கறியை மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நாலு தண்ணி அலசினால்தான் பலருக்கு மனசு ஆறும். ஆனால் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற நோய்க்கிருமிகள் அலசிப் போகிறவை அல்ல. கோழியின் குடலில் இருக்கும் இவை, வெட்டிச் சுத்தம் செய்யும்போதே தோலிலும் சதையிலும் ஒட்டிக்கொள்கின்றன. நாட்டுக்கோழி, பிராய்லர் இரண்டிலும் இருக்கலாம். வாடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சூடு ஒன்றுதான் இவற்றைக் கொல்லும்.

குழாயடியில் கறியைக் காட்டிக் கழுவவே கழுவாதீர்கள். தண்ணீர் தொடைத் துண்டில் பட்டுச் சிதறும். சிங்க் ஓரத்தில் ஆய்ந்து வைத்த கொத்தமல்லியில் போய் விழும். கறி கொதித்துவிடும், கொத்தமல்லியைப் பச்சையாகத்தானே தூவுவீர்கள்? கழுவாமலே சமைப்பது நல்லது. இறகும் எலும்புத் தூளும் ஒட்டியிருந்தால், அகலப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, குழாயை மூடிவிட்டு, கறியை மெதுவாக இறக்கி அலசுங்கள். அந்தத் தண்ணீரைச் சிங்கின் துளைக்கு அருகே தாழ்வாக ஊற்றுங்கள். பிறகு சிங்க், பலகை, கத்தி மூன்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, கைகளை 20 விநாடி சோப்பால் கழுவுங்கள். வெங்காயம், தக்காளிக்கு வேறு பலகை.

கடையில் வாங்கிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் கறி ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். மூடிய டப்பாவில், அடித்தட்டில் வையுங்கள். மேலே வைத்தால் ரத்தத் தண்ணீர் தயிர்மேல் சொட்டும். 2 நாளுக்குள் சமைத்துவிடுங்கள். மசாலா தடவி ஊற வைப்பதும் ஃபிரிட்ஜுக்குள்தான். தயிரும் எலுமிச்சையும் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பாதீர்கள். உறைந்த கறியை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மேடையில் வைத்தால் உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிச்சதையில் கிருமி பெருகும்.

சமைக்கும்போது சதை தடித்த இடத்தின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். குழம்பில் கொதிக்கும் சிறு துண்டுகள் எளிதாக அதை எட்டும். வறுவலும் கிரில்லும்தான் ஏமாற்றும்: எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருந்தால் மேலே கருகும், எலும்பை ஒட்டி வேகாது. நிறத்தை நம்ப முடியாது; இளம் பிராய்லரில் வெந்த பிறகும் எலும்போரம் சிவந்திருக்கும். இறைச்சி வெப்பமானியின் முனையை எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். வெந்ததை, பச்சைக்கறி இருந்த தட்டிலேயே எடுத்து வைக்காதீர்கள்.

மிஞ்சிய குழம்பு வேறு கதை. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கும். பெரிய அண்டாவில் இரவெல்லாம் மெதுவாக ஆறும் குழம்பில் முளைத்துப் பெருகும். ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் வேண்டியதை மட்டும் எடுத்துத் தளதளவெனக் கொதிக்க விடுங்கள்.