நோ லாவெஸ்: ஸ்பானிய மொழியில் 'செய்யாதே' என்று சொல்வது

ஸ்பெயினின் வலென்சியாவில் பக்கத்து வீட்டு அம்மா எனக்குப் பாயேயா என்னும் அரிசி உணவைச் செய்யக் கற்றுக்கொடுத்த அன்று, பழக்கப்படி அரிசியைக் களையக் குழாயடிக்குப் போனேன். "நோ லாவெஸ் எல் அரோஸ்!" என்று தடுத்தார். அரிசியைக் கழுவாதே. கழுவினால் மாவுச்சத்து போய்விடும். எனக்கோ மனம் அந்த வினையிலேயே நின்றது. 'கழுவு' என்பதற்கு 'லாவா' என்றுதானே படித்தேன்? அப்போ 'நோ லாவா' அல்லவா வர வேண்டும்?

வராது. 'நோ லாவா' என்றால் 'அவர் கழுவுவதில்லை'. தமிழிலும் 'கழுவு' என்பதோடு 'இல்லை'யை ஒட்டிவிட முடியாதே. வினையே 'கழுவாதே' என்று உருமாறுகிறது. ஸ்பானிய மொழியிலும் அப்படித்தான்.

'நான் கழுவுகிறேன்' என்பது லாவோ. கடைசி 'ஓ'வை எடுத்துவிடுங்கள். மூல வினை, லாவார் போல, 'ஆர்' என்று முடிந்தால் 'எஸ்' சேருங்கள்: நோ லாவெஸ். 'ஏர்', 'இர்' என்று முடிந்தால் 'ஆஸ்': சாப்பிடுவதைக் குறிக்கும் கொமேர், நோ கோமாஸ் ஆகும். சேர்ப்பதைக் குறிக்கும் அஞ்ஞாதிர், நோ அஞ்ஞாதாஸ் ஆகும். இந்த வினையில் மட்டும் கவனம் வேண்டும். 'அஞ்ஞாதே' என்பது தமிழ்க் காதுக்குச் 'செய்யாதே' போலவே ஒலிக்கும், ஆனால் அதன் பொருள் 'சேர்'. அந்த அம்மா சொன்னது "நோ அஞ்ஞாதாஸ் செபோயா". வெங்காயம் போட்டால் அரிசி குழைந்துவிடும் என்பதில் அங்கே பலர் மிக உறுதியாக இருக்கிறார்கள்.

மரியாதைக்கு, அதாவது நம் 'நீங்கள்' போல, கடைசி 'ஸ்' போய்விடும்: நோ லாவே, நோ கோமா. பல பேரிடம் என்றால் லத்தீன் அமெரிக்காவில் நோ லாவென், நோ கோமான். ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்திடம் நோ லாவெய்ஸ், நோ கோமாய்ஸ்.

எழுதும்போது ஒன்று பாருங்கள். தொடுவதைக் குறிக்கும் தோகார், நோ தோகெஸ் ஆகும்போது 'க' ஒலி மாறக் கூடாது. அதனால் 'சி' எழுத்து போய் 'க்யூ', 'யு' இரண்டும் வரும்.

அப்புறம் 'அதை' என்னும் 'லோ'. கட்டளையில் அது வினையின் வாலில் ஒட்டும்: லாவலோ, அதைக் கழுவு. மறுக்கும்போது பிரிந்து முன்னே வந்துவிடும்: நோ லோ லாவெஸ்.

அரிசியைப் பரப்பியபின் கிண்டவே கூடாது, அடியில் மொறுமொறுவென்று சொகர்ராட் என்னும் பொருக்கு பிடிக்க வேண்டும். அது தெரியாமல் நான் கரண்டியோடு நெருங்கினேன். "நோ லோ தோகெஸ்!" என்றார். மூன்று சொல்லும் உடனே புரிந்தன. கரண்டியைக் கீழே வைத்தேன்.