லினக்ஸ் ஃபயர்வாலுக்கு ஏற்ற நெட்வொர்க் கார்டு டிரைவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஃபயர்வாலுக்குக் குறைந்தது இரண்டு போர்ட் வேண்டும்: ஒன்று இணையத்துக்கு, மற்றது உள் நெட்வொர்க்குக்கு. ஐபிஃபயர் போன்ற லினக்ஸ் ஃபயர்வால் ஒன்றை நிறுவும்போது ஒரு கார்டு மட்டும் பட்டியலில் வரவில்லையா? உடனே டிரைவரைத் தேடிப் பதிவிறக்க வேண்டாம். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் மையப் பகுதியான கெர்னலுடனேயே வந்துவிடும். கார்டில் என்ன சிப் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். ஒரே மாடல் பெயரில் வேறு வேறு சிப் வருவதுண்டு.

படி 1: சிப்பின் எண்ணைப் பாருங்கள்

ஏதாவது ஒரு லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் கணினியை பூட் செய்து, டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே என்ற தெரிவோடு (lspci -nnk) கொடுங்கள். கட்டளை முழுவதும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். இன்டெல் ஐ210 கார்டு என்றால் அந்த வரியில் 8086:1533 என்று இருக்கும். 8086 என்பது இன்டெலின் எண், 1533 அந்தச் சிப்பின் எண். அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்: ஐஜிபி' என்று வந்தால் டிரைவர் ஓடிக்கொண்டிருக்கிறது. 'கெர்னல் மாட்யூல்ஸ்' வரி மட்டும் இருந்தால், டிரைவர் இருக்கிறது, கார்டோடு சேரவில்லை. இரண்டு வரியும் இல்லையென்றால் அந்தக் கெர்னலில் இந்தச் சிப்புக்கு டிரைவர் இல்லை.

கார்டே பட்டியலில் இல்லையா? அப்போது எந்த டிரைவரும் உதவாது. கார்டைக் கழற்றிச் சரியாகச் செருகுங்கள், பயாஸ் அமைப்பையும் பாருங்கள்.

படி 2: கெர்னல் பதிப்பு

ஃபயர்வாலில் யுநேம் -ஆர் (uname -r) கட்டளையைக் கொடுத்தால் அதன் கெர்னல் பதிப்பைச் சொல்லும். 2.5 கிகாபிட் இன்டெல் ஐ225 சிப்புக்கான ஐஜிசி டிரைவர், கெர்னல் 4.20-இல்தான் சேர்ந்தது. அதைவிடப் பழைய கெர்னல் என்றால் ஃபயர்வாலின் புதிய பதிப்பை நிறுவுவதே வழி.

படி 3: ஃபர்ம்வேர்

ஃபர்ம்வேர் என்பது டிரைவர் கார்டுக்குள் ஏற்றும் சிறிய மென்பொருள் கோப்பு. டிஎம்இஎஸ்ஜி (dmesg) கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் (firmware) என்ற சொல்லைத் தேடுங்கள். அந்த வரி 'எரர் -2' என்று முடிந்தால் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். ரியல்டெக் கார்டுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவினால் பெரும்பாலும் தீரும்.

படி 4: வெளி டிரைவர் கடைசி வழி

தயாரிப்பாளர் தளத்திலிருந்து மூல நிரலை எடுத்துக் கம்பைல் செய்ய முடியும். ஆனால் கெர்னல் மாறும்போதெல்லாம் அதைத் திரும்பக் கட்ட வேண்டும். பாதுகாப்பு அப்டேட் போட்டதும் இணையமே நின்றுவிடும் என்ற பயத்தில் அப்டேட்டைத் தள்ளிப்போடும் நிலை ஃபயர்வாலுக்கு வரவே கூடாது. அதைவிடக் கார்டை மாற்றிவிடுவதே மேல். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஐஜிபி டிரைவரில் ஓடும் இன்டெல் கார்டைத்தான் சொல்வேன். இன்னொன்று: பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் ஆகிய ஃபயர்வால்கள் இரண்டும் லினக்ஸ் மீது அல்ல, ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளம் மீது ஓடுபவை. அவற்றின் கார்டு பட்டியலை வைத்து லினக்ஸுக்கு வாங்காதீர்கள்.

படி 5: எந்த போர்ட் எது?

ஈத்டூல் -பி (ethtool -p) கட்டளையோடு இன்டர்ஃபேஸ் பெயரை, அதாவது அந்த போர்ட்டுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பெயரைக் கொடுத்தால், வசதியுள்ள கார்டில் அந்த போர்ட்டின் விளக்கு சிமிட்டும். அதைப் பார்த்து எது இணையத்துக்கு, எது உள்ளே என்று லேபிள் ஒட்டிவிட்டு, அப்புறம் கேபிளைச் செருகுங்கள்.