ஹை ரிஸ்க் கர்ப்பம்: மருத்துவமனைப் பரிசோதனைக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை

தாய் சேய் நல அட்டையில் ஹை ரிஸ்க், அதாவது ஆபத்து அதிகமுள்ள கர்ப்பம் என்பதற்கான சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதும் பல குடும்பங்களில் முதலில் எழுவது பயம்தான். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டிருப்பது, ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கியிருப்பது, சர்க்கரை நோய், இதயக் கோளாறு, இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், 35 வயதைக் கடந்த கர்ப்பம் என அதற்குக் காரணங்கள் பல உண்டு. இவற்றில் எதுவாக இருந்தாலும், அந்தச் சிவப்பு நிறத்துக்குப் பொருள் ஒன்றே: இந்தத் தாயை மருத்துவர் அடிக்கடி பார்க்க வேண்டும். அக்காவுக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ மாதம் ஒருமுறை பரிசோதனை போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் உங்களை இரண்டு வாரத்தில் வரச் சொன்னால் இரண்டு வாரத்தில் போய்விட வேண்டும்.

கர்ப்பம் உறுதியானதும், 12 வாரங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ பதிவு செய்து, கர்ப்பிணிக்கான பதிவு எண்ணாகிய ஆர்.சி.எச். எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். பிக்மி எண் என்றும் பலர் சொல்வார்கள். தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கும் இது தேவை, ஏனெனில் தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண்ணைக் கேட்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் இதுவே அடிப்படை. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென நடக்கும் சிறப்பு முகாமையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் பிரசவம் எங்கே நடக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஹை ரிஸ்க் தாய்மார்களுக்கு அது பெரும்பாலும் அறுவை சிகிச்சையும் ரத்த வசதியும் 24 மணி நேரமும் உள்ள சீமாங்க் மையமாகத்தான் இருக்கும்.

எல்லாத் தாள்களையும் ஒரே ஃபைலில் தேதி வரிசைப்படி வையுங்கள். அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், முந்தைய பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை ஆகியவை கட்டாயம் அதில் இருக்க வேண்டும். முந்தைய சிசேரியன் எதற்காகச் செய்யப்பட்டது, தையல் எப்படிப் போடப்பட்டது என்பதெல்லாம் அந்தச் சம்மரியில்தான் இருக்கும். வாய்மொழியாகச் சொல்வது அதற்கு ஈடாகாது.

பேருந்தில் நின்றுகொண்டே வந்து, படியேறி, மூச்சு வாங்க வரிசையில் நிற்கும்போது ரத்த அழுத்தம் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டக்கூடும். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடமாவது முதுகைச் சாய்த்து, கால்களைப் பின்னாமல் உட்கார்ந்து, கையை மேசையில் வைத்தபடி பார்ப்பதே முறை. அவசரத்தில் செவிலியர் உடனே பட்டையைச் சுற்ற வந்தால், "இப்போதுதான் வந்தேன், சற்று உட்கார்ந்துவிட்டு வரட்டுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். வந்த அளவை அட்டையில் எழுதினார்களா என்றும் பாருங்கள், ஏனெனில் சென்ற முறை 110, இம்முறை 132 என்ற ஏற்றத்தைக் கவனிக்க மருத்துவருக்கு அந்தப் பழைய எண் தேவை.

சர்க்கரைப் பரிசோதனை நாளன்று நேரம் ஒதுக்கிக்கொண்டு செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் 75 கிராம் குளுக்கோஸை ஏறத்தாழ 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் வர வேண்டிய கட்டாயம் இந்த முறையில் இல்லை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், பரிசோதனையை மறுநாள் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று கொள்கிறார்கள். முதல் முறை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுபடி பார்க்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கூட்டம் மிகுந்த ஓ.பி.யில் மருத்துவர் முன் உட்காரும் நேரம் சில நிமிடங்களே. அதனால் மனத்தை உறுத்தும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள். மாத்திரையைத் தவறவிட்டிருந்தால் உள்ளபடியே சொல்லுங்கள். இரும்புச் சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று நீங்கள் சொன்னால்தான் அவர் மாத்திரையை மாற்றவோ, ஊசி வழியே இரும்புச் சத்து ஏற்றவோ முடியும். அந்த மாத்திரையை டீ, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது. எழுந்து வருவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இன்று எது மாறியிருக்கிறது, அடுத்து எப்போது வர வேண்டும், அதற்கு முன் எதற்காக ஓடி வர வேண்டும்? உடன் செல்பவர் மாமியாரோ அம்மாவோ யாராக இருந்தாலும், பதில்களை நினைவில் வைத்துக்கொள்ளக் கூடியவராக இருப்பது நல்லது. "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று கேட்கும் பெரியவர்களையே ஒருமுறை உள்ளே அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் வாயால் கேட்டபின் அவர்களில் பலர் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறவர்களாக மாறிவிடுகிறார்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது வளைகாப்புக்குப் பிந்தைய வாரங்கள். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்கிறோம். ரத்த அழுத்தம் பெரும்பாலும் ஏறத் தொடங்குவதும், குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில் தொடர்ந்து பார்க்க வேண்டியிருப்பதும் அந்தக் காலத்தில்தான். பழைய மருத்துவமனை விட்டுப்போக, புதிய இடத்தில் இன்னும் காட்டாமல் இருக்க, நடுவே மூன்று நான்கு வாரங்கள் யார் கண்ணிலும் படாமல் கழிந்துவிடுகின்றன. எனவே வளைகாப்புத் தேதி குறிக்கும்போதே பரிசோதனைத் தேதியையும் குறித்துவிடுங்கள். இப்போது பார்க்கும் மருத்துவரிடம், நோய் விவரம், மருந்துகளின் அளவு, உத்தேசப் பிரசவத் தேதி ஆகியவற்றைக் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். ஆர்.சி.எச். எண் ஊர் மாறினாலும் அதேதான். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்குள்ள கிராம சுகாதார செவிலியரைப் பார்த்து, எந்த மருத்துவமனையில் பிரசவம் என்பதை முடிவு செய்து, அங்கே ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள். வலி வந்த இரவில் அந்த மருத்துவமனைக்குள் நீங்கள் முதன்முறையாக நுழையும்படி இருக்கக் கூடாது.

இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், ரத்தப்போக்கு, நீர் உடைதல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. குறிப்பாக அசைவு குறைந்தால் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இரவைக் கடத்தாதீர்கள்.

பரிசோதனைக்கு வந்த இடத்திலேயே சில சமயம் அட்மிட் ஆகச் சொல்வார்கள். வீட்டில் மூத்த குழந்தையை யார் பார்ப்பது என்ற கவலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 34 வாரத்துக்கு முன் பிரசவம் நேரலாம் என்ற நிலையில், குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்கான ஊசியைப் போட அந்த ஓரிரு நாள்கள் தேவைப்படலாம். ஆறாம் மாதத்திலிருந்தே ஒரு பையில் துணிகளையும், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்தில் 108-ஐ அழைப்பவர், எத்தனை வாரக் கர்ப்பம், என்ன ஆபத்து என்று அட்டையில் குறித்திருக்கிறது, இப்போது என்ன தொந்தரவு, எந்த மருத்துவமனையில் காட்டி வருகிறீர்கள் என்ற நான்கையும் சொல்ல வேண்டும். அவற்றை ஃபைலின் மேலட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டால், அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் யாராயினும் பார்த்துப் படித்துவிடலாம்.