மட்டக்களப்பில் முதல் வாடகைக் கட்டடம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலு குடும்பங்களுக்கு வாடகைக்கு விடக்கூடிய ஒரு மாடி வீட்டை வாங்கிவிட்டால் மாதா மாதம் வருமானம் வரும் என்று நினைப்பதில் பிழையில்லை. போதனா வைத்தியசாலை, கல்லடியில் விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் என்று வெளியூர் ஆட்கள் வந்து வீடு தேடும் இடங்கள் இங்கே இருக்கின்றன. ஆனால் முதன்முறை வாங்குபவர்கள் "வாடகை எவ்வளவு வரும்?" என்று கேட்டுத்தான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால், அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தைப் பாருங்கள். நம் பக்கத்தில் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பது வழக்கம். எழுதும்போது பெற்றோர் சீவிய உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொள்வதும் உண்டு. உறுதி மகளின் பெயரில் இருக்கும், விலையும் அவரே பேசுவார். ஆனால் பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையும் வாடகையை எடுக்கும் உரிமையும் அவர்களுடையவை. வாடகைக்காகவே வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய அடி வேறில்லை. சீவிய உரித்துள்ளவர்களும் ஒப்பமிட்டு அதை விட்டுக்கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

உறுதி பல சகோதரர்களின் பெயரில் பிரிக்கப்படாத பங்காக இருந்தால், எல்லோரும் ஒப்பமிட வேண்டும். கனடாவில் இருக்கும் அண்ணன் தனக்காக ஒப்பமிட எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தோடு தம்பி வந்தால், அது இன்னும் செல்லுமா என்று விசாரியுங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும்.

பேர்மிட் காணி இன்னொரு பொறி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணிகள் ஏராளம். பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. விலை மலிவு என்று ஒரு சத்தியக்கடதாசியை நம்பிக் காசைக் கொடுப்பவர்கள், வாங்கிய காணி தங்களுடையது என்று சட்டத்தின் முன் காட்ட முடியாமல் நிற்கிறார்கள். காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பார்த்து, முந்திய கைமாற்றங்களையும் ஈடு (அடமானம்) ஏதும் இருக்கிறதா என்பதையும் சொல்ல உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியை வையுங்கள். விற்பவரின் ஆளே இரண்டு பக்கத்துக்கும் பார்க்கட்டும் என்று விடாதீர்கள்.

அப்புறம் கட்டடம். மேல்மாடி பின்னர் கட்டப்பட்டதா? மாநகர சபையோ பிரதேச சபையோ அனுமதித்த வரைபடத்தில் அது இருக்கிறதா? கடலோரம் என்றால் 300 மீற்றருக்குள் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். சோலைவரி பாக்கியையும் சபையில் கேட்டுவிடுங்கள்.

பலர் எட்டிக்கூடப் பார்க்காத இடம் மலக்குழி. கரையோரம் முழுவதும் மணல் நிலம். மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். ஒரு குடும்பத்துக்கென்று வெட்டிய குழியை நாலு குடும்பம் பாவித்தால், கார்த்திகை, மார்கழியில் மலசலகூடத்தில் தண்ணீர் இறங்காது. கிணறு பக்கத்தில் இருந்தால் அந்தத் தண்ணீரும் கெட்டுவிடும். அங்கே இருக்கப்போவது பிள்ளைகுட்டிக்காரர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆடி, ஆவணியில் வீட்டைப் பார்த்தால் இதொன்றும் தெரியாது. முடிந்தால் மழைக்குள் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் 2011 ஜனவரி வெள்ளத்தில் அந்த ஒழுங்கைக்குள் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அயலவரிடம் கேளுங்கள். எந்தத் தரகரும் தானாகச் சொல்லாத விஷயம் அது.

மின்சாரமும் அப்படித்தான். வீட்டுப் பாவனையில் அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும். தலா 60 அலகு பாவிக்கும் நாலு குடும்பங்களுக்கு ஒரே மீட்டர் என்றால் 240 அலகு; 180ஐத் தாண்டிய அலகுகளுக்கு உச்சக் கட்டணம். கரண்ட் பில்லைப் பங்கிடுவதில் வரும் சண்டைதான் நல்ல ஆட்களையும் வீட்டை விட்டுப் போக வைக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி மீட்டர் எடுக்க முடியுமா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

ஏற்கெனவே ஆட்கள் இருக்கும் வீடு என்றால் அவர்களின் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். வீடு கைமாறினாலும் அவர்களின் குத்தகை உங்களைக் கட்டுப்படுத்தும். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உள்ள பழைய குடியிருப்பாளரை எழுப்புவது மிகக் கடினம். நீங்கள் புதிதாகக் கொடுக்கும்போது, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதுங்கள். கடையில் வாங்கிய படிவத்தில் ஒப்பமிட்டால் போதாது.

சரி, இப்போது வாடகைக் கணக்கு. தலா 20,000 ரூபாய் வீதம் நாலு பகுதிக்கு 80,000 என்று வையுங்கள். அதை 12ஆல் பெருக்காதீர்கள், 10ஆல் பெருக்குங்கள். பல்கலைக்கழகம் மூடினால் மாணவர் அறைகள் காலியாகும். ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்குள் பெயின்ட் அடிக்க வேண்டும், தண்ணீர் மோட்டரும் பழுதாகும். வங்கிக் கடன் என்றால் வட்டி மாறக்கூடியதா என்று பாருங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது; வாடகையை அந்த வேகத்தில் யாராலும் கூட்ட முடியாது.

வாடகைக்கும் வருமான வரி உண்டு. பழுதுபார்ப்புக்கென்று வாடகையில் 25 சதவீதத்தைக் கழிக்கலாம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை தனிநபர் விலக்கு இருக்கிறது. ஆனால் உங்கள் சம்பளத்தையும் சேர்த்துத்தான் அந்த 18 லட்சம்.