பண்ட் எப்போது, எப்படி?

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து போய் நான் பயிற்சி கொடுக்கும் கல்லூரி பேஸ்பால் அணியில் முக்கால்வாசிப் பேர் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்கள். நன்றாக ஓடுவார்கள், பந்தை வேலி தாண்டி அடிக்கும் பலம் இல்லை. அதனால் முதல் வருடம் யார் பேஸில் (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய நிலைகளில் ஒன்றில்) நின்றாலும் பண்ட் என்றேன், அதாவது மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தொட்டு அருகிலேயே விழவைப்பது. அது தவறு.

அமெரிக்கப் பெரிய லீக் கணக்கில், அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஒருவர் நின்றால் அந்த இன்னிங்ஸில் சராசரியாக ஏறக்குறைய 0.9 ரன் வரும். பண்ட் செய்து அடிப்பவர் அவுட்டாகி அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினால் 0.7 பக்கம் இறங்கிவிடும். ஆகவே ஆட்டத்தின் தொடக்கத்தில் முதலில் ஸ்டீல் செய்யப் பாருங்கள், அதாவது அடிப்பவருக்குப் பந்து எறியப்படும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுங்கள். அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடித்து, ஓடுபவரை அவுட்டாக்க எறியும் கல்லூரி கேட்சர்கள் பலருடைய எறி அவ்வளவு வேகமில்லை. கடைசி இன்னிங்ஸ், ஒரே ரன் போதும், அடிப்பவரும் சுமார்தான் என்றால் பண்ட் சரி. மாலை மழையில் திடல் நனைந்திருந்தால் இன்னும் நல்லது: பந்து புல்லில் நின்றுவிடும், எடுக்க வருபவர் வழுக்குவார்.

இனி கை. மேல் கையை மட்டையின் நடுப்பகுதிக்கு ஏற்றுங்கள். விரல்களை மடக்கி மட்டைக்குப் பின்னால் ஒளியுங்கள். இதை நான் முதலில் சொல்லாததால் ஒரு பையனின் ஆள்காட்டி விரல் வீங்கி, இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தான். மட்டையின் நுனி கைகளைவிடச் சற்று மேலே இருக்கட்டும். பந்து தாழ்ந்து வந்தால் கையை இறக்காமல் முழங்காலை மடக்குங்கள். பந்தைத் தள்ளாமல், மட்டையில் வாங்குங்கள். அப்புறம், இரண்டு ஸ்டிரைக் (அடிப்பவருக்கு எதிராக எண்ணப்படும் பந்து) விழுந்த பிறகு பண்ட் வேண்டாம். பண்ட் செய்த பந்து ஃபவுல் (கோட்டுக்கு வெளியே) போனாலே அவுட்.